தூணடி இடம்

“இன்னையிலேர்ந்து ஒன்பதாவது திங்கக்கிழமை நான் சபைக்கு வாரேன். என் தூணடியில சம்மணம் போட்டு உக்காருறேன். ஓலோமூ, நீரு பேசுற பேச்சு பூராவையும் கேக்குறேன். கேட்டு முடிச்சிட்டு, தரையில கை ஊணாம, தூணைத் தொடாம, எவன் தோளையும் பிடிக்காம எந்திரிச்சு நிக்கிறேன். நின்னுட்டு, உம்மையும் கையைப் பிடிச்சுத் தூக்கி நிறுத்துறேன். பார்த்துக்கிரும்.”

இதைச் சொன்னபோது தவுலாலோவை இரண்டு நர்சுகள் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்து பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், சேப்பங்கிழங்கைப் பிடுங்குவதுபோல. மூன்றாவது இழுப்பில்தான் வந்தார்.

தென்கடலில் இருக்கும் சவாயித் தீவின் மாவட்ட ஆஸ்பத்திரி வராந்தா அது. முழங்கால் வீக்கத்துக்கு மாத்திரை வாங்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓலோமூ சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெஞ்சின் மறுமுனையில் இருந்த கிழவி ஒரு சாண் மேலே போய்க் கீழே வந்தாள். வாய்தோலோ ஊர்ச்சபையின் பேச்சாளர் அவர். சபை எடுக்கும் முடிவை ஊருக்கு அறிவிப்பவர். அவர் பேச ஆரம்பித்தால் அலைகூட கரையேறி உட்கார்ந்து கேட்கும், வேறு வழியில்லாமல். எடை நூற்று நாற்பது கிலோ. அதில் பாதி குரல்.

“ஓய் தவுலாலோ, ஆக்லாந்துல நெஞ்சை அறுத்தாங்கன்னு தெரியும். மூளையையும் சேர்த்து எடுத்துட்டாங்கன்னு யாரும் சொல்லலையே. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எந்திரிக்கவே உமக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க வேணும். என்னைத் தூக்கி நிறுத்தப் போறீராம். துறைமுகத்துல இருக்கிற கிரேனே என்னைப் பார்த்தா திரும்பிக்கும்.”

தவுலாலோ நர்சுகளின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். அவமானத்தில் காது நுனி வரை சூடேறியது.

எழுபத்தொரு வயது அவருக்கு. ஒரு காலத்தில் எரிமலைப் பாறைச் சரிவில் இரண்டு மைல் ஏறித் தோட்டத்துக்குப் போய், தோளில் கட்டையின் இரு முனையிலும் சேம்புக் கூடை தொங்க, ஓடியே இறங்குகிறவர். கூடைக்குள் சேம்போடு சேர்ந்து வழியில் கிடந்த பக்கத்து வீட்டுப் பன்றியும் ஒருமுறை வந்துவிட்டது, இறக்கி வைக்கும்வரை எடை வித்தியாசம் தெரியவில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஏப்ரலில் ஆக்லாந்தில் நெஞ்செலும்பைப் பிளந்து இதயத்தின் மூன்று குழாய்க்கு மாற்றுப் பாதை போட்டார்கள். திரும்பும்போது அங்கே டாக்டர் சொன்னது ரொம்பவும் சாதாரணமான ஒன்று. ஆறு வாரம் கெட்டிலுக்கு மேல் கனமான எதையும் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் செய்ய வேண்டும். கூடப் போயிருந்த மகன் ஃபெரெட்டி இதை வீட்டில் எல்லாருக்கும் சொன்னான். ஆனால் ஆறு வாரம் என்ற சொல் விமானத்திலேயே தொலைந்துபோனது. தூக்கக் கூடாது, எழக் கூடாது என்பது மட்டும் பத்திரமாக வந்து இறங்கியது.

வீட்டில் பதினான்கு பேர். குடும்பப் பட்டம் தாங்கிச் சபையில் உட்காரும் பட்டக்காரருக்குப் பணிவிடை செய்வதில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டார்கள். விசிற ஒருத்தி, கால் பிடிக்க ஒருத்தி, கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போக இரண்டு மருமகப்பிள்ளைகள். தேங்காய்ப் பாலில் வெந்த சேம்பிலை, கல்லடுப்பில் சுட்ட பன்றிக் கொழுப்பு, காலையில் கோக்கோ போட்ட சோறு, அது செரிப்பதற்குள் ஈரப்பலா. டாக்டர் கொழுப்பு ஆகாது என்றாரே என்றால், கொழுப்பைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டார்கள். முதல் வாரம் அவருக்கும் சுகமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மூன்று மாதம். நெஞ்சு ஆறிவிட்டது, இதயம் சீராக அடித்தது. தொடையும் கெண்டைக்காலும்தான் போன இடம் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாதென்று நாற்காலி போட்டார்கள். நாற்காலியோடு சபைக்குப் போக முடியாது. மற்றப் பட்டக்காரர்கள் பாயில் இருக்க ஒருவர் மட்டும் அவர்கள் தலைக்கு மேல் உட்காருவது எந்த ஊரிலும் நடக்காத காரியம். ஆகையால் சபை வீட்டில் கடல் பார்த்த பக்கத்தில் மூன்றாவது தூணின் அடி மூன்று கூட்டமாகக் காலியாகக் கிடந்தது. பட்டத்துக்கு ஒரு தூண் என்பது வழக்கம், அவருடைய தாத்தன் முதுகு பட்டுத் தேய்ந்த தூண் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. எழத்தான் முடியவில்லை. பாதிரியார் அன்றைக்கு நோவாவில் ஆரம்பித்திருந்தார், வெள்ளம் வடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை ஈர சிமெண்டில் மல்லாந்து கிடந்தார். ஒரு கோழி வந்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்து, வயிற்றின் மேல் ஏறி நடந்து மறுபக்கம் இறங்கிப் போயிற்று. அந்தக் கோழியின் கால் அவ்வளவு உறுதியாக இருந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மனைவி மாசினா வந்து பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“அழாத. என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. என் காலை யாரோ திருடிட்டானுவ. அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்” என்றார்.

அப்படித்தான் வராந்தாவில் வாரம் இரண்டு நாள் நடக்கும் உடற்பயிற்சிக்கு வந்து சேர்ந்தார். நடத்துகிறவள் பெரீசே. முப்பது வயது, தச்சன் மகள், சுவா நகரத்தில் படித்து வந்தவள். அவளுக்கு ஒரு சங்கடம். பட்டக்காரரிடம் உட்கார், எழு என்று சாதாரண வார்த்தையில் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மரியாதைப் பேச்சு உண்டு. ஆகையால் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார் என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு இப்படி எண்ணினாள்:

“ஐயா எழுந்தருளியது ஒண்ணு. ஐயா அமர்ந்தருளினாங்க. ஐயா எழுந்தருளியது ரெண்டு…”

இந்த வயசுக்குப் பன்னிரண்டு முறையாவது எழ வேண்டும். அவர் மூன்றில் நின்றார். அவள் எண்ணுகிற வேகத்துக்கு அதற்கு மேல் எண்ணியிருக்கவும் முடியாது. பிறகு இறுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தாள். சுறாவின் வாலைப் பிடித்துப் படகில் போட்ட கை. முள் பதினாறு கிலோவில் நின்றது. நாற்காலியிலிருந்து பிடுங்கப்பட்டதும், ஓலோமூவிடம் சவால் விட்டதும் அதற்கு அப்புறம்தான்.

ஓலோமூ மாத்திரையை வாங்கிக்கொண்டு, சிரிப்பை மிச்சம் வைத்துக்கொண்டு போனதும், பெரீசே அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் கறுத்திருந்தது.

“ஐயா, மன்னிக்கணும். கோவத்துல சொல்றேன். ஆக்லாந்துக்காரங்க இதயத்தை நல்லாத்தான் தைச்சு அனுப்பியிருக்காங்க. காலைத் தின்னது உங்க வீட்டு ஆளுங்க.”

“எப்படி தின்னாங்க?”

“தூக்கித் தூக்கியே. படுக்கையில ஒரு வாரம் கிடந்தா தசை எவ்வளவு கரையும்னு தெரியுமா? உங்களை மூணு மாசம் கிடத்தியிருக்காங்க. இங்க வாரவங்க அத்தனை பேர் கதையும் இதேதான். அவங்களுக்கு வைத்தியம் பார்க்கிறதுக்கு முன்னால அவங்க குடும்பத்தை வரிசையா நிக்க வெச்சு நாலு அறை விடணும்னு தோணுது.”

“தாராளமா விடு. எங்க வீட்டுல பதினாலு பேர். நான் பிடிச்சுக்கிறேன்” என்றார் தவுலாலோ. அன்றைக்கு முதல்முறையாக அவருக்கு ஓர் ஆளைப் பிடித்துப்போனது.

அவள் கொடுத்த வேலைகள் சாமானியமானவை. நாற்காலியிலிருந்து எழுவது, பத்து தடவை, மூன்று வேளை. சாலையில் நடப்பது. அதற்கு ஓர் அளவு சொன்னாள்:

“நடக்கும்போது பேச வரணும். பாட வரக் கூடாது. பாட்டு வந்துட்டா வேகம் போதாது. பேச்சே வரலைன்னா நின்னுடணும்.”

“எனக்குப் பாடப் பிடிக்காது. ஓலோமூவைத் திட்டலாமா?”

“திட்டுங்க. முழு வசவும் ஒரே மூச்சுல வந்தா வேகத்தைக் கூட்டுங்க.”

தரையிலிருந்து எழுவதற்குப் பாய். வீட்டில் இருக்கும் படுக்கைப் பாயெல்லாவற்றையும் அடுக்கி அதன் மேல் உட்கார்ந்து எழ வேண்டும். மூக்கு முழங்காலுக்கு முன்னால் போகட்டும், மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே எழட்டும். நன்றாக வந்தால் ஒரு பாயை உருவ வேண்டும். இருபத்திரண்டு பாய் தேறியது. கல்யாணத்துக்கென்று பத்திரப்படுத்திய மெல்லிய நெசவுப் பாயைத் தவிர மாசினா மற்றதையெல்லாம் கொடுத்தாள். பதினான்கு பேரும் வெறுந்தரையில் படுத்தார்கள்.

“உங்க காலுக்காக என் இடுப்புப் போச்சு” என்றாள் மாசினா.

“மூணு மாசம் என்னைப் படுக்க வெச்சீங்கல்ல. இப்போ நீங்க படுங்க.”

கைக்கு மட்டும்தான் பாரம் தேவைப்பட்டது. இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன் தூக்கி நடக்கச் சொன்னாள் பெரீசே. முதலில் பாதி கேன், பிறகு முழுசு. வீட்டுக்குள் நடக்க இடமில்லை. தெருக் குழாயடிக்குப் போய் அவரே பிடித்தார், அவரே தூக்கினார். மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம், ஊரே ஜெப மணிக்காக வீடு திரும்பும் நேரத்தில், கோயில் முன்னால் கேன் இரண்டையும் தூக்கிக்கொண்டு, “ஓலோமூ ஒரு ஊதிப்போன தவளை, அவன் தாத்தன் ஒரு ஊதிப்போன தவளை” என்று மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நேர் எதிரே தவளை நின்றிருந்தது.

ஓலோமூ ஒன்றும் பேசவில்லை. அது இதுவரை நடக்காத அதிசயம். கேனைப் பார்த்தார், தவுலாலோ வீட்டு முற்றத்தில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த இளவட்டங்களைப் பார்த்தார், போய்விட்டார். மறுநாள் சபையிலிருந்து ஆள் வந்தது. பட்டம் தாங்கிய மனிதர், அதிலும் நெஞ்சறுத்து வந்தவர், நடுத்தெருவில் தண்ணீர் சுமக்கிறார். வீட்டு இளவட்டங்கள் பந்து ஆடுகிறார்கள். மலைத் தோட்டத்தில் யார் என்ன சுமந்தாலும் அது வேறு, ஊர்க் கண்ணெதிரே இது ஊருக்கே அவமானம். அந்தக் குடும்பம் ஒரு பெரிய சினைப் பன்றியும் டின் மீன் பெட்டிகளும் அபராதம் செலுத்த வேண்டும்.

ஃபெரெட்டி பஸ் ஓட்டுகிறவன். கேட்டதும் பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, பயணிகள் உள்ளேயே உட்கார்ந்திருக்க, வீட்டுக்குள் வந்தான்.

“அப்பா, போதும். இன்னியோட நிறுத்துங்க.”

“எதை? உயிரோட இருக்கிறதையா?”

“ஊரு என் மூஞ்சில துப்புது. பெத்தவனைத் தண்ணி சுமக்க விட்டான்னு பஸ்ல ஏறுறவன்லாம் என்னைப் பார்க்காம சீட்டைப் பார்க்கிறான். எங்க மாமா எப்படிச் செத்தாரு? தோட்டத்துல கடப்பாறையைத் தூக்கும்போது. நான்தான் தூக்கிட்டு வந்தேன். உங்களையும் அப்படித் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா?”

“உங்க மாமன் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவன்டா. என் நெஞ்சைத் தொறந்து பார்த்துத் தைச்சிருக்காங்க.”

“ஓலோமூகிட்ட பேசிட்டேன். உங்க தூணடியில ஆப்பியாவுல இருக்கிற சித்தப்பா மகன் உக்காரட்டும்னு சொல்றாரு. பட்டம் உங்களுக்குத்தான். உக்காருறது மட்டும் அவர். அடுத்த மாசத் திங்கக்கிழமை சபையில முடிவு செய்றாங்க. நான் சரின்னுட்டேன்.”

வீட்டில் பதினான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரில்லாத வீடு. பக்கத்து வீட்டார் நான்கு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

பாய் அடுக்கில் உட்கார்ந்திருந்த தவுலாலோ, கையை ஊன்றாமல், மூக்கை முன்னால் கொண்டுபோய் எழுந்து நின்றார். அப்போது பாய் பதினொன்று.

“என்னைக் கேக்காம நீ சரின்னயா? நான் இன்னும் சாகலையேடா. நீ பயத்துல செய்யிறே, தெரியுது. உன் பயத்துக்கு என் காலு ரெண்டையும் ஏற்கெனவே குடுத்தாச்சு. இப்போ என் தூணையும் கேக்குறே. நாளைக்கு வாயை? எனக்குப் பதிலா எவனாவது திங்கவும் வருவானா? போ. பஸ்ல ஜனம் வேகுது. போய் ஓட்டு.”

ஃபெரெட்டி அழுதுகொண்டே போனான். பன்றியை அவனே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சபைக்குக் கொடுத்தான். அன்றைக்கே அதைச் சுட்டுத் தின்றுவிட்டார்கள். காற்று வாக்கில் வாசனை வீடு தேடி வந்தது. தவுலாலோ பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். எண்பதோ நூறோ, அவருடைய கோபத்துக்கு எண்ணத் தெரியாது.

கோபத்தில் மாசினாவுக்கும் பங்கு வந்தது அன்றைக்குத்தான். அது அவள் ஆசையாய் வளர்த்த பன்றி. இரவு முழுக்க வெறுந்தரையில் புரண்டவள், காலையில் எழுந்து கோயிலுக்குக் கொண்டுபோகும் பனையோலைப் பை இரண்டை எடுத்தாள்.

“பட்டக்காரர் தெருவுல தண்ணி சுமக்கக் கூடாது. சரி. வேதப்புத்தகம் சுமக்கலாம்ல?”

பாட்டன் காலத்து வேதப்புத்தகம், அதுவே ஒரு குழந்தை கனம். அதை ஒரு பையில் வைத்தாள். பாட்டுப் புத்தகங்களை இன்னொன்றில் வைத்தாள். பிறகு கடற்கரைக்குப் போய் அலை உருட்டிய கருங்கற்களை மடியில் கட்டிக்கொண்டு வந்து இரண்டிலும் அடியில் இறக்கினாள். மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினாள்.

“கோயிலுக்குக் கல்லைக் கொண்டுபோறது தப்பில்லையாடி?”

“கல்லையும் கர்த்தர்தான் படைச்சாரு. ஓலோமூவையும் அவர்தான் படைச்சாரு. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. தூக்குங்க.”

அதற்கப்புறம் தவுலாலோ போலப் பக்திமான் அந்தத் தீவில் இல்லை. காலையில் கோயிலுக்குப் போனார், மத்தியானம் போனார், மாலையில் போனார். இரண்டு கையிலும் பை. போகிற வழியில் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஜெபம் என்று நினைத்தார்கள். வாரத்துக்கு ஒரு கல் கூடியது. கையில் இருப்பதை வாங்க இளவட்டங்கள் ஓடி வந்தால், “வேதம். நானேதான் கொண்டுபோகணும்” என்றார். வேதத்தைப் பிடுங்க எவனுக்குத் துணிச்சல் வரும்? நான்காவது ஞாயிறு பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்தே, மரணத்தின் வாசலைப் பார்த்து வந்த மனிதர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இவரைப் பாருங்கள் என்றார். மாசினா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் அழுகிறாள் என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கடைசி வியாழக்கிழமை வராந்தாவில் கருவியின் முள் இருபத்தேழைக் காட்டியது. நாற்காலியிலிருந்து “ஐயா எழுந்தருளியது” பதின்மூன்று வரை போயிற்று. பெரீசேவுக்கே மூச்சு வாங்கியது. தரை மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு பாயிலிருந்து எழுந்தார். ஒரு பாயிலிருந்து முயன்றபோது பாதியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். நான்கு முறை. நான்கு முறையும் உட்கார்ந்தார்.

“இன்னும் மூணு வாரம் இருந்தா வந்துடும் ஐயா.”

“மூணு நாளுதான் இருக்கு. சபையில ஒரு பாய்தான் போடுவான்.”

“அப்போ தூணைப் பிடிச்சுக்கங்க. அதுல என்ன குறைச்சல்?”

“இந்த வராந்தாவுல ஓலோமூ சிரிச்சப்போ நீயும் இருந்தேல்ல” என்றார்.

சபையில் உட்கார்ந்திருக்கும்போது கால் மரத்துப் போகாமல் விரலையும் கணுக்காலையும் இடுப்பில் சுற்றிய துணிக்குள்ளேயே அசைத்துக்கொண்டிருக்கச் சொன்னாள் பெரீசே.

திங்கட்கிழமை காலை பை எதுவும் இல்லாமல் நடந்தே போனார். வாசலில் குனிந்து நுழைந்து, மூன்றாவது தூணடிக்கு வந்து, ஒரு பாயில், மெல்ல இறங்கி உட்கார்ந்தார். விழுந்து உட்காரவில்லை. அதைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். சபை தொடங்கும் சடங்குக்கு ஆவா என்ற வேரைக் கரைத்த பானம் கிண்ணத்தில் வந்தது. அவர் பெயரைக் கூவிச் சிரட்டையை நீட்டினார்கள். நான்கு துளி தரையில் விட்டுவிட்டு ஒரே மடக்கில் குடித்தார்.

பிறகு ஓலோமூ பேசினார். உட்கார்ந்தபடியே, உலகம் உண்டானதிலிருந்து. தீவைக் கடலிலிருந்து மேலே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. ஊரின் வம்சங்களைச் சொல்லி முடிக்க இன்னொன்று. வெளியே ஈரப்பலா காய்த்துப் பழுத்து விழுந்தது. தவுலாலோவுக்காகவே நீட்டுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தவுலாலோ துணிக்குள் விரலை அசைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது மணி முடியும்போதுதான் பேச்சு தூணடிக்கு வந்தது.

“நம்ம தவுலாலோ இன்னைக்கு வந்தது சபைக்குப் பெருமை. ஆனா நாம அன்புள்ளவங்க. அவரை நாமளே தூக்கிட்டுப் போய் வெளியே விடுற நிலைமை வேண்டாம். அவர் வீட்டாரும் சம்மதிச்சாச்சு. அவர் நாற்காலியில நிம்மதியா இருக்கட்டும்.”

“நாற்காலின்னதும் ஞாபகம் வருது” என்றார் தவுலாலோ. குரல் தணிந்துதான் இருந்தது. “இந்த ஊர்லேர்ந்து எனக்கு முன்னால மூணு பேர் ஆக்லாந்து போய் நெஞ்சைத் தைச்சுட்டு வந்தாங்க. மூணு பேரையும் நாற்காலியில உக்கார வெச்சோம். விசிறினோம். ஊட்டினோம். நான்தான் முதல் ஆளாப் பன்னி கொண்டுபோனேன். மூணு பேரும் ரெண்டு வருசம் தாண்டல. இதயம் நின்னு போச்சுன்னு சொன்னோம். இதயம் அப்புறம்தான்யா நின்னுச்சு. காலு மொதல்ல நின்னுச்சு. அன்புன்னு சொல்லித் தசையை உருவிட்டு, மரியாதைன்னு சொல்லி உக்கார வெச்சுக் கொன்னோம். நானும் கொன்னேன். இப்போ என் முறை வந்ததும்தான் வலிக்குது, அந்தக் கேவலத்தையும் சொல்லிடுறேன். தண்ணி தூக்கினா அபராதம். பன்னியையும் தின்னாச்சு. என்னால எந்திரிக்க முடியலைன்னா இந்த இடத்தை இப்பவே எடுத்துக்கங்க. ஆனா மொதல்ல ஒரு வார்த்தை. பின்னால நிக்கிற பசங்க எவனும் எனக்குக் கை குடுக்கலைன்னு அபராதம் போடக் கூடாது. ஓலோமூ, உம்ம வாயால சொல்லும்.”

ஆவா பரிமாறிய இளவட்டங்கள் இரண்டு அடி முன்னால் வந்து நின்றிருந்தார்கள். தொட்டால் அவர் கொல்வார், தொடாவிட்டால் சபை கொல்லும்.

“போடல” என்றார் ஓலோமூ. “எந்திரியும் பார்ப்போம்.”

தவுலாலோ சம்மணத்தைப் பிரித்தார். கை இரண்டையும் நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டார், வெட்டிய தழும்பின் மேல். மூக்கை முன்னால் கொண்டுபோனார். பிட்டம் பாயை விட்டது. பாதியில் தொடை நடுங்க ஆரம்பித்தது, வியாழக்கிழமை நான்கு முறை சாய்ந்த அதே இடத்தில். சபை வீட்டின் தூண்கள்கூடச் சேர்ந்து ஆடியதாக இன்றும் சொல்கிறார்கள். மூச்சை அடக்கியிருந்தார். அது நினைவுக்கு வந்ததும் விட்டார். மூச்சோடு சேர்ந்து, ஒன்பது வாரப் பழக்கம், அது பாட்டுக்கு வெளியே வந்தது:

“ஊதிப்போன தவளை.”

நின்றுவிட்டார்.

அவர் நான்கு எட்டு வைத்து, குனிந்தபடியே சபையின் குறுக்கே நடந்து, ஓலோமூ முன்னால் கையை நீட்டினார்.

“வாரும்.”

“எனக்கு எதுக்கு? நானே எந்திரிப்பேன்” என்ற ஓலோமூ எழப் பார்த்தார். மூன்று மணி நேரம் ஒரே இருப்பில் பேசியதில் முழங்கால் இரண்டும் பூசணிக்காயாய் வீங்கிப் பூட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு முறை பார்த்தார். தூணைத் தடவினார். அவர் வாழ்நாளில் சொல்ல வார்த்தையில்லாமல் போனது இது இரண்டாவது முறை. கடைசியில் கையைக் கொடுத்தார்.

முதல் இழுப்பில் ஒன்றும் அசையவில்லை. தவுலாலோ காலை அகட்டி ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, மூச்சை விட்டுக்கொண்டே மறுபடி இழுத்தார். நூற்று நாற்பது கிலோவும் தரையை விட்டுக் கிளம்பி அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. தவுலாலோ விட்ட கையை உதறிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வாசலில் குனிந்து வெளியே போனார். கோபம் அப்போதும் தணிந்திருக்கவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல ஓலோமூ பேச்சாளர் கோலை ஊன்றிக்கொண்டு தெருவில் நின்று சபை முடிவை அறிவித்தார். மூன்றாவது தூணடி பழையபடி தவுலாலோவுக்கே. நெஞ்சறுத்து வந்தவர் பாரம் சுமந்தால் இனி அபராதமில்லை. சுமக்க விடாத வீட்டுக்குத்தான் அபராதம். கோலைத் தோளில் போட்டுக்கொண்டு நகரப் பார்த்தார்.

“மாமா, நில்லுங்க” என்றான் ஃபெரெட்டி. பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தான். அப்பா வீட்டுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. “பசங்க என்னென்னமோ சொல்றானுவ. அப்பா கையை ஊணாம எந்திரிச்சாராம். உங்களையும் தூக்கினாராம். அளக்கிறானுவளா?”

தெருவே காது கொடுத்து நின்றது. மாசினா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

“சபையில நடந்ததைச் சபைதான்…” என்று ஆரம்பித்தார் ஓலோமூ.

“சுருக்கமாச் சொல்லும்” என்றாள் மாசினா.

ஓலோமூ வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து விரலும் அதில் இன்னும் சிவப்பாகத் தெரிந்தன.

“அவன் எந்திரிச்சான். நான் எந்திரிக்கல. அவன்தான் தூக்கினான். ரெண்டாவது இழுப்புல வந்தேன்” என்றார். “நான் நம்பல, ஃபெரெட்டி. அவன் கையில தொங்கும்போதுகூட நம்பல. ஆனா நடந்துச்சு.”